தண்ணி பார்த்துக்கும்

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர்தான். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் அவள் எல்லாருக்கும் சேச்சி. இத்தனைக்கும் குன்னூர்க்காரி, வீட்டில் பேசுவது தமிழ். நானும் தமிழ்தான். மிளகு வாங்கி விற்க வந்த தாத்தா இங்கேயே தங்கிப்போனதால் மூன்று தலைமுறையாக இந்த ஊர். அதனால் முதல் நாள் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். "எல்லாரும் சேச்சின்னுதானே கூப்பிடறாங்க, நீ மட்டும் எதுக்கு மாத்திக் கூப்பிடறே? ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். காய்கறிக் கடையில் பேசிக்கொண்டே பாகற்காய்களை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கிவிடுவாள். கடைக்காரச் சேட்டன் ஒன்றும் சொல்லமாட்டார். அவள் போன பிறகு தட்டு பார்க்க லட்சணமாக இருக்குமே. ஒருமுறை படகுத்துறையில் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் முந்தானை முறுக்கிக் கிடந்தது. சேச்சி இரண்டு விரலால் அதைப் பிரித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. திருத்துவாள், ஆனால் சொல்லமாட்டாள்.

ஒரு பொங்கலுக்கு அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முதல் கவளத்திலேயே நிமிர்ந்து பார்த்து, "ஏய், இது நம்ம வீட்டுச் சாம்பார்தானா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சாம்பாருக்கு அவரிடமிருந்து கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் அடுப்படியை ஒதுக்கும்போதுதான் பார்த்தேன். பெருங்காய டப்பாவும் வெல்ல டப்பாவும் இடம் மாறி, பக்கத்தில் பக்கத்தில், மூடி நேராக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. இலை போடும் நேரத்தில் தண்ணீர் குடிக்கிறேன் என்று உள்ளே போனவள் அவள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெருமையை அவள் எடுத்துக்கொள்ளாமல் எனக்கே விட்டுக்கொடுத்தாளே என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

அவள் வீடு ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் அந்த மரப்படி ஏறுவோம். ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு பை, பைக்குள் கம்பளி நூலும் ஊசிகளும். வியர்த்து ஊற்றும் ஊரில் உட்கார்ந்து கம்பளிச் சால்வை பின்னுகிற கூட்டம். "கடலுக்கு உப்பு விக்கிற கோஷ்டி" என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் சால்வைக்கு ஆளா இல்லை? எங்கள் பிள்ளைகள் எல்லாம் குளிர் நாடுகளில்தான் கிடக்கிறார்கள். அதுபோக, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அந்த ஏசி அறையில் நடுங்கும் என்று ஒரு ஆஸ்பத்திரிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். எந்தச் சால்வையை எடுத்து முகர்ந்தாலும் லேசாகச் சுக்கு மணக்கும். என் மகள் அயர்லாந்திலிருந்து, "அம்மா, இதைப் போர்த்தினா ஜலதோஷமே பிடிக்காது போல" என்று போனில் சிரித்தாள்.

அந்த அறையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு எங்கேயும் கிடைத்ததில்லை. கல்யாணத்திலும் கிடைக்கவில்லை, பிள்ளை பெற்றதிலும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள், வரட்டும். ஊசிகள் மெல்லத் தட்டிக்கொள்ளும் சத்தம். நடுவில் சாயா, பழம்பொரி. எண்ணெய்க் கையோடு நூலைத் தொட்டவளுக்கு எல்லாரும் சேர்ந்து திட்டு. பஜார் தெரு ஹன்ஸாபென் குஜராத்திக்காரி; நேராகப் போடுகிற கண்ணியைச் சீதா என்றும், திருப்பிப் போடுவதை உல்டா என்றும் அவள் சொல்லி, கடைசியில் எங்கள் எல்லாருக்கும் அதுவே வார்த்தையாகிவிட்டது. வைப்பின் தீவிலிருந்து ஜங்கார்ப் படகு ஏறி வரும் ரோஸி, தன் மாமியாரைப் போலவே நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து நாங்கள் கண்ணிகளை நழுவவிடுவோம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் புதுச் சால்வை தொடங்கினாலும் ஊசியில் முதல் வரிசையை ஏற்றித் தருவது சேச்சி. "தொடக்கம் இறுகிப்போனா கடைசி வரைக்கும் இறுகித்தான் இருக்கும், கொண்டா" என்று வாங்கிக்கொள்வாள். பின்னி முடித்ததும் மறுபடி அவளிடம்தான் கொடுக்க வேண்டும். சுற்றிலும் கரை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, பெரிய பலகையில் இழுத்து விரித்துக் குண்டூசி குத்திக் காயப்போட்டுத் தருவாள். அதற்கு இடமும் பலகையும் அவள் வீட்டில்தான் இருந்தன. எங்களுக்கும் அலுப்பான வேலை. கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

நடுவில் எங்காவது தப்பு வந்து, "ஐயோ, பிரிச்சுத் திரும்பப் போடணுமே" என்று யாராவது தலையில் கைவைத்தால், சேச்சி தன் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வாள்:

"விடு. தண்ணி பார்த்துக்கும்."

நனைத்து விரித்தால் கண்ணிகள் தாமாகச் சமன்பட்டு உட்காரும் என்பது பின்னுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் கூட்டத்தில் தண்ணீர் அதற்கும் மேலே எத்தனையோ செய்தது. என் கை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உல்டா போடும்போது நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது என் பழக்கம். அப்படிச் சுற்றினால் கண்ணியின் இரண்டு காலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். "உன் கண்ணி எல்லாம் மாமியார் மாதிரி கால்மேல் கால் போட்டு உக்காந்திருக்குடி" என்பாள் சேச்சி. நானும் மாற்றிச் சுற்றிப் பார்த்தேன், கை கேட்கவில்லை. "விடு, தண்ணி பார்த்துக்கும்." தண்ணீரும் பார்த்துக்கொண்டது. திரும்பி வந்த என் சால்வைகளில் கால்கள் பிரிந்து, கண்ணிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

ரோஸி பின்னினால் மீன்வலை மாதிரி இருக்கும்; ஒரு இடம் தொளதொள, ஒரு இடம் கழுத்தை நெரிக்கும். கப்பல் வேலைக்குப் போன மகனுக்கு அவள் பின்னிய முதல் சால்வை சேச்சி கையிலிருந்து திரும்பி வந்த நாளை மறக்க முடியாது. மடியில் விரித்துவைத்துக்கொண்டு, "எந்தா சேச்சீ, இது ஞான் தன்னே செய்ததோ?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். "பின்னே யாரு செய்தது? உன் கைதான்" என்றாள் சேச்சி, தட்டிலிருந்த பழம்பொரிகளை நேராக அடுக்கியபடி. நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். நான்தான் பலமாகத் தட்டியிருப்பேன்.

பிறகு என் வீட்டுக்காரருக்கே சிறுநீரகம் கெட்டது. எந்த டயாலிசிஸ் அறைக்குச் சால்வை கொடுத்துக்கொண்டிருந்தோமோ, அதே அறையில் அவர் பக்கத்தில் நான் உட்கார வேண்டியதாயிற்று. அவருக்கென்று ஒரு சால்வை தொடங்கினேன். சாம்பல் நூல், நடுநடுவே ஒரு நீலம். நடுவில் வயர் வைத்த நீள ஊசியில் பின்னியதால், பின்னப் பின்ன அது அவர் முழங்கால்மேல் இறங்கும். முடிகிற வரைக்கும் காத்திருக்காமல், வளர்கிறபோதே போர்த்திக்கொண்ட சால்வை அது. அவர் ஒரு கையில் டயாலிசிஸ் ஊசி குத்தியிருக்கும். மறு கையில் நூலுருண்டையைப் பிடித்துக்கொள்வார். தூக்கம் வந்தால் பிடி இறுகும், அந்த இடத்துக் கண்ணிகள் சுருங்கும். விழித்தால் தளரும். அந்தச் சால்வையைக் கையால் தடவினாலே அவர் எங்கே தூங்கினார், எங்கே விழித்தார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அவருக்கு இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி, இயந்திரம் கத்தத் தொடங்கியது. நான் பதறி எழுந்ததில் ஊசி உருவிக்கொண்டு கண்ணிகள் கீழே கீழே அவிழ்ந்துகொண்டே போயின. நர்ஸ் ஓடிவந்து கால்மாட்டைத் தூக்கி, என்னென்னவோ செய்து, அவர் ஒருவழியாகக் கண் திறந்தார். முதலில் என் மடியைத்தான் பார்த்தார். "அவிழ்ந்துபோச்சா?"

"போச்சு. இந்த இடத்துல பெரிய ஓட்டை. பிரிச்சுப் போடணும்."

"எதுக்கு? இந்த ஊர்ல கம்பளி போர்த்தறவனுக்கு ஒரு ஜன்னலாவது வேணாமா? இருக்கட்டும்டி. காத்து வரட்டும்."

அவிழாமல் நிற்க ஒரு நூலால் கட்டிவிட்டு, ஓட்டையை அப்படியே விட்டு மேலே பின்னினேன். அதன் பிறகு அந்த ஓட்டை வழியாக ஒரு விரலை வெளியே நீட்டி ஆட்டிக் காண்பிப்பார். சால்வை அநேகமாக முடிந்தபோது அவரும் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சால்வையைச் சேச்சியிடம் கொடுத்தேன். "கரை மட்டும் போட்டுக் கொடுங்க சேச்சி. வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். நன்றாக நினைவிருக்கிறது, மட்டும் என்றேன். அவள் என் தலையைத் தடவி, "நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

திரும்பி வந்த அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மடியில் விரித்தேன். ஓட்டைக்காகத் தேடினேன். முதலில் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். திருப்பினேன். மறுபுறம் போட்டுப் பார்த்தேன். ஓட்டை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். அவர் தூங்கிய இடமும் இல்லை, விழித்த இடமும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் வழவழவென்று ஒரே மாதிரி. ஜன்னலோரம் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கால்மேல் கால் போட்ட கண்ணி மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. தண்ணீர் கண்ணியைச் சமன்படுத்தும், ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தண்ணீர் ஓட்டையை அடைக்கும்?

அன்றைக்குப் புதன்கிழமை. நாங்கள் யாரும் அவள் வீட்டுக்குப் போகாத நாள். சால்வையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படி ஏறினேன். கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலோரக் கொடியில் நூல் சிட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பின்னிப் பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும், தெரியுமல்லவா; அந்தச் சுருளை நீக்க நனைத்து, கீழே கிடங்கின் பழைய எடைக்கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒன்று ஹன்ஸாபென்னின் கத்தரிப்பூ நிறம். ஒன்று ரோஸியின் பச்சை. போன வாரம் ரோஸி முத்தம் கொடுத்து ஒப்படைத்த அதே சால்வையின் பச்சை. சேச்சி நாற்காலியில் உட்கார்ந்து, பாதி பிரிந்த அதன் மிச்சத்தை மடியில் வைத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. ஒளிக்கப் பார்க்கவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அந்த ஓட்டை எங்கே சேச்சி?"

"எடுத்துட்டேன்மா. துக்கத்துல விழுந்த ஓட்டை. பார்க்கறப்பல்லாம் அழுவே. எதுக்கு அதை வீட்ல வச்சுக்கிட்டு?"

"அவர் இருக்கட்டும்னு சொன்ன ஓட்டை அது."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. "அதை நீ எங்கிட்டச் சொல்லலையே."

சொல்லவில்லைதான். கரை மட்டும் என்று சொன்ன பிறகு வேறென்ன சொல்ல வேண்டும்? "அப்ப இத்தனை நாளா தண்ணி தண்ணின்னு சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தண்ணிக்கு என்னம்மா தெரியும்? தப்பு இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு எப்படி வெளிய அனுப்பறது? எனக்குச் சோறு இறங்காது."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே. நாங்களே பிரிச்சுப் போட்டிருப்போமே."

"சொல்லியிருந்தா? ரோஸி ரெண்டாம் வாரமே நின்னிருப்பா. நீ மூக்கைச் சிந்திட்டுப் போயிருப்பே. இந்தப் படி ஏற யார் இருந்திருப்பா?" பச்சை நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "செவ்வாய், வெள்ளி நீங்க வருவீங்க. மத்த நாளெல்லாம் நான் இந்த வீட்ல என்ன பண்றது? இதைத்தான் பிரிச்சுத் திரும்பப் போட்டுட்டிருந்தேன். சந்தோஷமாத்தானே இருந்தீங்க எல்லாரும்? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

அந்தக் கேள்விதான் இன்றுவரை எரிகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தோம். மகளுக்குப் போன சால்வை, ஆஸ்பத்திரிக்குப் போன சால்வைகள், எல்லாவற்றிலும் தொடக்கம் அவளுடையது, கரை அவளுடையது. நடுவில் நான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நடுவிலும் அவள்தான். அதெல்லாம்கூடப் போகட்டும், சாம்பார்க் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாற்காலிப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் நூலைப் பிடித்திருந்தார் என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி அந்தக் கண்ணிகள்தான். அதையும் ஒரு புதன்கிழமையில் உட்கார்ந்து உருவிச் சிட்டம் போட்டுவிட்டாளே! சால்வையை அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ரோஸியின் பச்சைமேல் போய் விழுந்தது அது.

ஹன்ஸாபென்னிடம் மட்டும் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். "எனக்கு அறியுமே. பத்து வயசிலிருந்து சீதா உல்டா போடறேன், என் கை எனக்கு அறியாதா? நல்லா ஆகித்தானே திரும்பி வருது, நான் எதுக்குப் பறையணும்?" என்றாள். அப்படியானால் தண்ணீரை நம்பியது நானும் ரோஸியும்தான். ரோஸியிடம் நான் சொல்லவில்லை. அவள் மகன் கப்பலில் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் படத்தைப் போனின் முகப்பில் வைத்திருக்கிறாள்.

அதன் பிறகு நான் படி ஏறவில்லை. கூட்டம் கொஞ்ச நாள் நடந்தது. பிறகு சேச்சியின் மகன் அவளைக் காக்கநாட்டில் தன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பதினோராவது மாடி, லிஃப்ட், அக்கம்பக்கத்தில் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். அங்கே யாருடைய காலண்டரை நேராக்குகிறாளோ தெரியாது. கொடியில்லாத வீட்டில் அவள் என்ன செய்வாள் என்று சில மதியங்களில் நினைப்பு வரும். வந்தால் வேறு வேலை பார்ப்பேன்.

போன மழைக்காலத்தில் ஹன்ஸாபென் காக்கநாட்டுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். "சேச்சி கொடுத்தா. 'இப்ப அவ கையேதான்னு சொல்லு'ன்னு பறஞ்சா" என்றாள்.

சாம்பல் நூல், நடுநடுவே நீலம். பிரித்தேன்; மடியில் விரித்தேன். ஓட்டை இருந்தது. அதே இடம், அதே அளவு. நூலை எதிர்ப்பக்கம் சுற்றி, கண்ணிகளைக் கால்மேல் கால் போட்டு உட்காரவைத்திருந்தாள். அவளுக்கு எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும், ஒவ்வொரு உல்டாவிலும் வேண்டுமென்றே தப்புச் செய்ய! சோறு இறங்கியதோ என்னவோ. சில இடங்களில் கண்ணிகளை இறுக்கி, சில இடங்களில் தளர்த்திக்கூட இருந்தாள். ஒரே ஒரு தடவை கையில் வைத்திருந்து, பிரிக்கும்போதே எல்லாவற்றையும் மனதில் வாங்கியிருக்கிறாள்.

கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். இறுகிய இடங்கள் எல்லாம் ஒரே அளவுக்கு இறுகியிருந்தன. தளர்ந்த இடங்கள் ஒரே அளவுக்குத் தளர்ந்திருந்தன. அப்படி எந்த மனிதன் தூங்கி விழிப்பான்? ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்விளிம்பு முழுவதும் பொத்தான் துளை மாதிரி அழகாக முடிச்சிட்டிருந்தது. ஆயுசுக்கும் அவிழாது. என் தப்பையும் அவள் என்னைவிட நன்றாகச் செய்திருந்தாள். நான் ஹன்ஸாபென் முன்னாலேயே அழுதேன். அது துக்கமா, கோபமா, அவள்மேல் இன்னும் மிச்சமிருந்த பாசமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அழுது முடியட்டும் என்று காத்திருந்து ஹன்ஸாபென் கேட்டாள். "நாளைக்குச் சேச்சி போன்ல விளிப்பா. நான் என்ன பறையணும்?"

"தண்ணி பார்த்துக்கும்னு சொல்லு" என்றேன்.

அவள் அப்படியே சொன்னாளாம். போனில் சேச்சி சந்தோஷத்தில் அழுதுவிட்டாளாம். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாளாம். சால்வை அலமாரியில் இருக்கிறது. கரையோடு கரை சேர்த்து நானேதான் மடித்துவைத்தேன், ஆனால் பார்த்தால் யாரோ வந்து நேராக்கிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.